பிள்ளை பிடிக்கிறவன் வருவான் என்று சொல்லிச் சொல்லி, இப்போது ராத்திரியில் அலறுகிறான்

ஹொரமாவு அம்மா

பெங்களூரில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. ஹொரமாவில் ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், வீட்டுக்காரருக்கு அடிக்கடி நைட் ஷிஃப்ட். திருநெல்வேலியிலிருந்து அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அவர் இல்லாவிட்டால் எங்கள் பிழைப்பு நடக்காது. அதனால் யாரும் அத்தையைத் திட்டி எழுத வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிறாள். கம்பளி விற்கிற மாதிரி வடக்கத்திய கும்பல் ஒன்று ஊருக்குள் இறங்கியிருக்கிறதாம், கே.ஆர். புரம் பக்கம் குழந்தைகளைத் தூக்கிவிட்டார்களாம், கிட்னியை எடுக்கிறார்களாம். அத்தை அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். பையன் பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான். அன்றிலிருந்து சாப்பிடாவிட்டால் கம்பளிக்காரன், தூங்காவிட்டால் கம்பளிக்காரன், கேட்டுக்குப் பக்கத்தில் போனால் கம்பளிக்காரன்.

இப்போது பாத்ரூமுக்குக் கூடத் தனியாகப் போவதில்லை. வாட்ச்மேன் அண்ணனைப் பார்த்தால் என் புடவைக்குள் ஒளிகிறான். முன்பு அவரோடு பந்து விளையாடுவான். எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடிப்பது ராத்திரிதான். தூங்கி ஒரு மணி நேரம் போல ஆனதும் எழுந்து உட்கார்ந்து அலறுகிறான். கண் திறந்திருக்கிறது, உடம்பெல்லாம் வியர்வை. நான் தூக்கினால் என்னையே தள்ளுகிறான். அம்மாடா, அம்மாடா என்று நான் கத்த, அவன் யாரையோ பார்க்கிற மாதிரி என்னைத் தாண்டிப் பார்க்கிறான். அப்புறம் தானாகவே படுத்துவிடுகிறான். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது.

இது பயந்த கோளாறா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா? கீழே விளையாட விடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தலாமா? அந்தக் குரல் பதிவில் ஒரு சதவீதம் உண்மை இருந்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இரட்டைப் பிள்ளைக்காரி

எங்கள் வீட்டிலும் இதே கதை, ஆள் மட்டும் வேறு. இங்கே பழைய பேப்பர்காரர். யாராவது விவரம் சொல்லுங்கள், நானும் படிக்கிறேன்.

அல்சூர்க்காரன்

இது பயந்த கோளாறேதான், சந்தேகமே வேண்டாம். எங்கள் பெண்ணுக்கு வந்தபோது சோமேஸ்வரர் கோயிலில் விபூதி வாங்கிப் பூசினோம். சாயங்காலத் தொழுகை முடிந்து வருபவர்களிடம் பள்ளிவாசல் வாசலில் பிள்ளையைக் காட்டி ஓதி ஊதியும் வாங்கினோம். எங்கள் தெருவில் எந்த மதத்துக்காரரும் இதைச் செய்வார்கள். அப்புறம் கற்பூரத்தைச் சுற்றிப் போட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் குழைத்து நெஞ்சிலும் மூக்கடியிலும் தடவினால் நன்றாகத் தூங்கும். டாக்டரிடம் போனால் ஸ்கேன் எடு என்பார்கள்.

ஓய்வில் இருக்கும் நர்ஸ்

அல்சூர் தம்பி, விபூதி பூசுங்கள், ஓதி வாங்குங்கள், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் அந்தக் கற்பூரத்தைத் தயவுசெய்து பிள்ளையின் உடம்பில் வைக்காதீர்கள். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன். கற்பூரம் சின்னப் பிள்ளைகளுக்கு விஷம். வாயில் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். தோல் வழியாகவும் உள்ளே போகும். பூஜை அலமாரியில் கல்கண்டு மாதிரி வெள்ளையாக, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது பாருங்கள், அதை இன்றைக்கே மேல் தட்டுக்கு மாற்றுங்கள். பிள்ளை தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாந்தி எடுக்கும்போதே வலிப்பு வந்தால் மூச்சுக்குழாயில் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இப்போது ஹொரமாவு அம்மாவுக்கு. நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது கெட்ட கனவு மாதிரி இல்லை. கெட்ட கனவு பெரும்பாலும் விடியற்காலைப் பக்கம் வரும். பிள்ளை முழுசாக விழித்துக்கொள்ளும், அம்மாவைக் கட்டிக்கொள்ளும், என்ன கண்டது என்று சொல்லும், திரும்பத் தூங்கப் பயப்படும். உங்கள் பையனுக்கு வருவது முன்னிரவில், ஆழ்ந்த தூக்கத்தில். அந்தத் தூக்கத்திலிருந்து பாதி வெளியே வந்து பாதி உள்ளேயே மாட்டிக்கொள்கிறான். கண் திறந்திருந்தாலும் அவன் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறான், அதனால்தான் உங்களைத் தெரியவில்லை. நைட் டெரர் என்பார்கள். மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான். அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதில் தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்ததா என்று அத்தையிடம் கேட்டுப் பாருங்கள், இது குடும்பத்தில் ஓடும்.

அந்த நேரத்தில் உலுக்கி எழுப்பாதீர்கள், முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், கத்திக் கூப்பிடாதீர்கள். இறுக்கிப் பிடித்தால் இன்னும் திமிறுவான். கட்டிலிலிருந்து விழாமல், சுவரில் இடிக்காமல் பக்கத்தில் இருந்தால் போதும். மெதுவாக ஏதாவது பேசிக்கொண்டிருக்கலாம், அது உங்கள் ஆறுதலுக்குத்தான், அவனுக்குக் கேட்காது. காலையில் ராத்திரி ஏன்டா கத்தினாய் என்று விசாரிக்கவே வேண்டாம்.

தூக்கம் குறைந்த நாட்களிலும் காய்ச்சல் நாட்களிலும் இது கூடும். மூத்திரம் முட்டினாலும் வரும். அவன் பாத்ரூமுக்குப் போகப் பயந்து அடக்கிக்கொண்டு தூங்குகிறான் என்று நினைக்கிறேன், அதை முதலில் சரிசெய்யுங்கள். படுக்கும் நேரத்தை அரை மணி முன்னால் கொண்டுவாருங்கள். தினமும் அதே நேரத்துக்கு வந்தால், அதற்குக் கால் மணிக்கு முன்னால் லேசாக எழுப்பி, பாத்ரூம் கூட்டிப் போய்விட்டுத் திரும்பப் படுக்க வையுங்கள். கொஞ்ச நாள் இப்படிச் செய்தால் பல பிள்ளைகளுக்கு விட்டுப்போகும்.

கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ, உடம்பு விறைத்து வாயில் எச்சில் ஒழுகினாலோ, ஒரே ராத்திரியில் பல தடவை வந்தாலோ காத்திருக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தால் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அவருக்கு அது பெரிய உதவி. பலமாகக் குறட்டை விடுகிறானா என்பதையும் சொல்லுங்கள்.

ஹொரமாவு அம்மா

அக்கா, படித்ததும் பாதி உயிர் வந்தது. வீட்டுக்காரர் ஏழு வயதில் தூக்கத்தில் எழுந்து கதவைத் திறந்து திண்ணையில் போய்ப் படுப்பாராம். அத்தை சிரித்துக்கொண்டே சொல்கிறார், எனக்கு இத்தனை நாள் தெரியாது. அப்படியானால் கம்பளிக்காரனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?

ஓய்வில் இருக்கும் நர்ஸ்

நேரடியாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் பகலெல்லாம் பயந்து, தூங்கும் நேரமும் தள்ளிப்போனால் இது கூடத்தான் செய்யும். பகல் பயம் தனி விஷயம், அது நிஜமான பயம். அதற்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

கே.ஜி.எஃப் தாத்தா

எல்லாரும் பயம் காட்டுவதே பாவம் என்கிற மாதிரி எழுதுகிறீர்கள். நான் கோலார் தங்கவயலில் மைன்ஸ் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். 2001-ல் சுரங்கத்தை மூடும் வரை எங்கள் குடும்பமே அதை நம்பித்தான் இருந்தது. அங்கே பழைய குழிகள் நிறைய, மூடியும் மூடாமலும் இருக்கும். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடு மலை மாதிரி நிற்கும், ஏறிச் சறுக்கி விளையாட எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். அம்மாக்கள் என்ன பண்ணுவார்கள்? குழியில் வெள்ளைக்காரன் பேய் இருக்கிறது, காலைப் பிடித்து இழுக்கும் என்பார்கள். நாங்கள் அந்தப் பக்கமே போக மாட்டோம். உயிரோடு இருக்கிறோம். சயனைடு என்றால் என்ன என்று நாலு வயதுப் பிள்ளைக்கு விளக்கவா முடியும்? அந்த அத்தை செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

மடிவாளா அப்பா

தாத்தா, உங்கள் ஊர்ப் பேய்க்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனால் அந்தப் பேய் எங்கே உட்கார்ந்திருந்தது பாருங்கள். குழிக்குள்ளே. ஆபத்து எங்கேயோ பேயும் அங்கேயே. அதனால் அது வேலை செய்தது. இந்தக் கம்பளிக்காரன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? வாட்ச்மேன் மேல், பாத்ரூம் இருட்டில், தட்டில் மிச்சமிருக்கும் சோற்றில். இது பையனை எந்தக் குழியிலிருந்து காப்பாற்றுகிறது?

அந்தக் குரல் பதிவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே ஊரில் இதற்கு ஓர் உயிர் போயிருக்கிறது. 2018 மே மாதம் சாமராஜ்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து வேலை தேடி வந்த ஓர் இளைஞரைப் பிள்ளை பிடிப்பவன் என்று சொல்லிக் கட்டி இழுத்து அடித்துக் கொன்றார்கள். அவர் எந்தப் பிள்ளையையும் தொடவில்லை. அந்தச் சமயத்தில் எல்லாருடைய போனிலும் ஒரு வீடியோ சுற்றியது நினைவிருக்கிறதா, பைக்கில் வரும் இரண்டு பேர் தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்களே? அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே பிள்ளையைத் திரும்ப இறக்கிவிட்டு ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு இங்கே சுற்றவிட்டார்கள். அதே வருடம் ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தது.

குரல் பதிவில் தேதி இருந்ததா? ஸ்டேஷன் பெயர் இருந்ததா? இருக்காது. வருடாவருடம் கும்பலின் தொழில் மட்டும் மாறும். ஒரு வருடம் கம்பளி, ஒரு வருடம் பிளாஸ்டிக் பூ.

கே.ஜி.எஃப் தாத்தா

சாமராஜ்பேட்டை விஷயம் எனக்கும் தெரியும் தம்பி, பேப்பரில் படித்தேன். அதை யாரும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை காணாமல் போவதே இல்லை என்று நீங்கள் சொல்ல முடியுமா? நாலு வயதுப் பிள்ளை கேட்டைத் தாண்டக் கூடாது. அதற்கு ஏதாவது ஒன்று சொல்லித்தானே ஆக வேண்டும்.

நர்சரி டீச்சர்

காணாமல் போகிறார்கள், தாத்தா. அதற்காகத்தான் பயம் காட்டாதீர்கள் என்று நாங்கள் தலையால் தண்ணீர் குடிக்கிறோம்.

கூட்டத்தில் கை நழுவிய பிள்ளை என்ன செய்ய வேண்டும்? அங்கேயே நின்று உரக்கக் கூப்பிட வேண்டும், பக்கத்தில் இருக்கிற போலீஸ்காரரிடமோ கடைக்காரரிடமோ குழந்தையோடு நிற்கிற ஓர் அம்மாவிடமோ போக வேண்டும். சாப்பிடாவிட்டால் போலீஸிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி வளர்த்த பிள்ளை போலீஸைக் கண்டதும் ஒளியும். தெரியாதவன் எல்லாரும் கம்பளிக்காரன் என்று நம்பும் பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்? பசவனகுடி கடலைக்காய்ப் பரிசே திருவிழாக் கூட்டத்தில் ஒரு பிள்ளை கைவண்டிக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் அப்பா பத்தடி தள்ளி நின்று கத்திக்கொண்டிருந்தார். தேடுகிற போலீஸ்காரருக்குப் பயந்து அது பதில் கொடுக்கவில்லை.

எங்கள் வகுப்பில் அம்மா அப்பாவின் முழுப் பெயரையும் ஒரு போன் நம்பரையும் பாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறோம். நம் பிள்ளைகளுக்குக் கூடவே ஒரு வரி கன்னடமும் வேண்டும். 'நன்ன அம்மா காணிஸ்தில்லா', அதாவது என் அம்மாவைக் காணோம் என்று சொல்லத் தெரிந்தால் இந்த ஊரில் யாரும் புரிந்துகொள்வார்கள். தமிழில் மட்டும் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு காவலர் என்ன செய்வார் பாவம்.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலும் குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்த ஆள்தான். குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வருடாவருடம் இதையே சொல்கிறது. உறவு, பக்கத்து வீடு, வேன், டியூஷன். கம்பளிக்காரனை மட்டும் காட்டிக்கொண்டிருந்தால், மிட்டாய் கொடுத்து இது நம் ரகசியம் என்கிற மாமாவைப் பிள்ளை எப்படி இனம் காணும்? எந்தப் பெரியவர் ரகசியம் என்றாலும் அம்மாவிடம் சொல்லலாம், சொன்னால் அம்மா அடிக்க மாட்டாள், இதை நாலு வயதிலேயே சொல்லலாம். நடந்தது தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதே 2012 போக்சோ சட்டப்படி குற்றம். குடும்ப மானம் என்று மூடி மறைக்க வழியில்லை. 1098 குழந்தைகள் உதவி எண், அதையும் ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.

பரிசே என்றதும் ஞாபகம் வருகிறது, சின்னதுகளுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஹொரமாவு அம்மா

டீச்சர், வாட்ச்மேன் விஷயத்தில் எனக்கு இப்போது வேறு கவலை வந்துவிட்டது. அவர் ஒடிசாக்காரர், தமிழும் கன்னடமும் அரைகுறை. குரல் பதிவு வந்த பிறகு குழுவில் இரண்டு பேர் அவரை மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் என்ன சொல்வது?

கீழே விளையாட விடலாமா என்ற கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

கம்மனஹள்ளி அக்கா

நான் சொல்கிறேன். நான்கைந்து வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவள் நான். வாட்ச்மேனை விடுங்கள், உங்கள் கட்டடத்தில் சம்ப் எங்கே இருக்கிறது? பார்க்கிங்கிலா, கேட் பக்கத்திலா? மூடி எப்படிப்பட்டது?

ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு இது தெரிவதில்லை. நம் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் இருக்கும். இங்கே அதோடு தரைக்கு அடியிலும் ஒன்று, ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், வாசலிலேயே. மேலே ஒரு தகர மூடி, பெரும்பாலும் துருப்பிடித்தது, பிள்ளைகள் அதன் மேல் நின்று குதிப்பார்கள். டேங்கர் வரும்போது திறந்து குழாயை உள்ளே விடுவார்கள், டேங்கர் போன பிறகு மூட மறந்துவிடுவார்கள். பந்து உள்ளே விழும், பிள்ளை எட்டிப் பார்க்கும். சத்தம் கூட வராது. பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக வருகிறது, வாட்ஸ்அப்பில் யாரும் அழுதுகொண்டே குரல் பதிவு போடுவதில்லை.

2024 கோடையில் போர்வெல் வற்றித் தண்ணீருக்கு அலைந்தோமே, அப்போது எல்லார் வீட்டு பாத்ரூமிலும் டிரம், பக்கெட் நிறையத் தண்ணீர். ஒரு வயது, ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அரை பக்கெட் தண்ணீரே போதும். தலை கனம், குப்புற விழுந்தால் தூக்கத் தெரியாது. வீட்டில் குட்டி இருந்தால் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள், டிரம்முக்கு மூடி போடுங்கள், பாத்ரூமை வெளியே தாழ்ப்பாள் போடுங்கள்.

அப்புறம் ஜன்னல். கொசு வலை பொருத்திய ஸ்லைடிங் ஜன்னல் இருக்கிறதே, அது கொசுவைத்தான் தடுக்கும். சாய்ந்தால் பிள்ளையோடு சேர்ந்து போய்விடும். கட்டிலையும் நாற்காலியையும் ஜன்னலடியில் போடாதீர்கள், கிரில் கேளுங்கள். ஓனர் கிரில் போட மாட்டேன் என்றால் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகக் கீழே விளையாட விடுங்கள், பெரியவர் ஒருத்தர் கூட நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கே.ஜி.எஃப் தாத்தா

அந்த அம்மா சொல்வது சரி. பேயை சம்ப்புக்குள் போடுங்கள் என்று நான் சொன்னால் அடிக்க வருவீர்கள், சொல்லவில்லை.

இரட்டைப் பிள்ளைக்காரி

தாத்தா, சொல்லிவிட்டீர்கள்!

மடிவாளா அப்பா

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது தாத்தா. பேயைப் பார்க்கும் ஆசையில் மூடியைத் திறக்கிற ரகமும் உண்டு. என் பெண் அந்த ரகம். அவளுக்குப் பூட்டுதான்.

நர்சரி டீச்சர்

பகல் பயத்துக்கு வருவோம். 'அதெல்லாம் ஒன்றுமில்லை, ஆம்பளைப் பிள்ளை பயப்படலாமா' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவனுக்கு அது ஒன்றுமில்லாதது இல்லை. சொன்னவரும் சாதாரண ஆள் இல்லை, அவனுடைய பாட்டி. கையில் ஒரு சின்ன டார்ச் கொடுங்கள், பாத்ரூம் வரை அவன் முன்னால் போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள். சில நாள் கதவருகே நில்லுங்கள், அப்புறம் கூடத்திலிருந்து குரல் கொடுங்கள். நீங்கள் வாட்ச்மேனிடம் சிரித்துப் பேசுவதை அவன் பார்க்கட்டும். அவனைப் போய்க் கை கொடு என்று தள்ள வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கதை பொய் என்று பாட்டியே அவனிடம் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் எடுபடாது.

இத்தனைக்குப் பிறகும் பயம் குறையாமல் பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் கெட்டால் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்பார்கள் என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஹொரமாவு அம்மா

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

அத்தையிடம் தாத்தாவின் பேய்க் கதையையும் மடிவாளா அண்ணன் எழுதியதையும் படித்துக் காட்டினேன். சாமராஜ்பேட்டைப் பையன் கதையைக் கேட்டு முகம் மாறிவிட்டார். அவன் அம்மாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் கேட்டார். சாயங்காலம் பேரனைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு பேசினார். பொய் என்று ஒப்புக்கொள்வார் என்று நான் காத்திருந்தால், அவர் கம்பளிக்காரனை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றி அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்! அவனுக்கு ஊரில் பிள்ளைகுட்டி இருக்கிறதாம், கம்பளி எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதாம், ஆளும் நல்லவன்தானாம். பையன் உடனே, திரும்பி வர டிக்கெட் எடுத்திருக்கிறானா என்று கேட்டான். வெயிட்டிங் லிஸ்ட், கிடைக்காது என்றார் அத்தை.

டார்ச் வேலை செய்கிறது. பாத்ரூமுக்குப் போகிறான், பேட்டரிதான் தீர்ந்துகொண்டே இருக்கிறது. ராத்திரி அலறல் இன்னும் நிற்கவில்லை. ஆனால் நான் இப்போது தூக்கி உலுக்குவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சீக்கிரமே அடங்கிவிடுகிறது.

நர்சரி டீச்சர்

ஐயோ, ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய்யா! நாளைக்கு ரயில் நிலையத்தைப் பார்த்துப் பயப்படப் போகிறான்.

ஓய்வில் இருக்கும் நர்ஸ்

டீச்சர், விடுங்கள். கூட்டி வந்தவரே அனுப்பியும் வைத்தார். ஆளை நல்லவனாக்கிக் குடும்பத்தோடு சேர்த்தும் விட்டார். எனக்கு இதில் குறை தெரியவில்லை. டார்ச்சில் பட்டன் பேட்டரி இல்லையே? ஸ்க்ரூ போட்டு மூடியிருக்கிறதா பாருங்கள். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயைப் புண்ணாக்கிவிடும்.

நர்சரி டீச்சர்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வெயிட்டிங் லிஸ்ட் நன்றாக இருந்தது.

ஹொரமாவு அம்மா

பெரிய பேட்டரிதான் அக்கா, ஸ்க்ரூ இருக்கிறது.

கூட்டம் முடிந்தது. அந்தக் குரல் பதிவு பற்றி ஸ்டேஷனில் விசாரித்தீர்களா என்று ஒரே கேள்விதான் கேட்டேன். யாரும் விசாரிக்கவில்லை. வாட்ச்மேனை மாற்றும் பேச்சு அப்போதைக்கு நின்றது. ஒரு ஃபிளாட்காரர் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். சம்ப் மூடியைப் போய்ப் பார்த்தோம், ஒரு பக்கக் கீல் இல்லவே இல்லை. ஓனர் புது மூடி போட்டுப் பூட்டும் வைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான் இப்போது சண்டை. ஓனர் தன்னிடம் என்கிறார், அவர் இருப்பதோ ஜெயநகரில்.

கம்மனஹள்ளி அக்கா

ஓனரிடம் கொடுத்தால் டேங்கர் வரும் நாளில் பூட்டை உடைப்பார்கள், அப்புறம் பூட்டே இருக்காது. வாட்ச்மேனிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. டேங்கர் குழாயை எடுத்த உடனே அவர் பூட்டிவிட்டு உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கட்டும். மூடி ஆர்டர் கொடுக்கும்போது கனமான இரும்புத் தகடாகக் கேளுங்கள், ஃபேப்ரிகேஷன் கடையில் மெல்லிசாகப் போட்டு ஏமாற்றுவார்கள்.